புன்னகைக்கு ஆன செலவு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாத ஒரு நாட்டில், விசயதரன் என்று ஓர் அரசன் இருந்தான். நல்ல அரசன்தான். வெளியூர் போய்வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவான். அங்கே எதைப் பார்த்தானோ அது இங்கேயும் உடனே வேண்டும்.

ஒருமுறை பக்கத்து நாட்டு விருந்துக்குப் போனான். அங்கே வாயிற்காவலன் முதல் எச்சில் இலை எடுப்பவன் வரை எல்லோரும் ஒரே மாதிரி தலை சாய்த்தார்கள், ஒரே மாதிரி புன்னகை செய்தார்கள், ஒரே குரலில் "தங்கள் வரவு எங்கள் பாக்கியம்" என்றார்கள். அரசன் மயங்கிப் போனான். ஊர் திரும்பியதும் சபையைக் கூட்டினான்.

"நம் ஆட்களும் இருக்கிறார்களே! நேற்று தண்ணீர் கேட்டேன். 'இந்தாங்க' என்று நீட்டினான் ஒருவன். நீட்டிய முகத்தில் ஒரு சிரிப்பு உண்டா? அரண்மனை ஊழியர் அனைவரும் உபசாரக் கலை பயில வேண்டும். என்ன செலவாகும்?"

அரண்மனை மேலாளர் திருமலைக்கொழுந்து சட்டென்று எழுந்தார். "அரசே, அந்தக் கலையில் வல்ல ஆசான் ஒருவர் இப்போது நம் ஊரில்தான் தங்கியிருக்கிறார். ஒரு மாதப் பயிற்சி. அவருக்கு ஒரு பை பொன் கொடுத்தால் போதும். வேறு சல்லிக்காசு செலவில்லை."

ஆசான் தன் மைத்துனர் என்பதை அவர் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சபையின் கோடியிலிருந்து 'களுக்' என்று ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்தவன் விகடன் பூவராகன். குட்டையான ஆள், பெருத்த வயிறு. யாராவது பெயரைக் கேட்டால், "பிறந்த அன்றே என் உருவத்தைப் பார்த்து வைத்துவிட்டார்கள்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவான். அரசனுக்கு அவனிடம் பிரியம். அதனாலேயே மேலாளருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"ஏன் சிரித்தாய்?" என்றான் அரசன்.

"மன்னிக்க வேண்டும் அரசே, வாய் முந்திக்கொண்டது. செலவு தனியாக வந்ததை நான் பார்த்ததில்லை. குடும்பத்தோடு வரும். இவர் சொல்வது வாசலில் நிற்கும் குடும்பத் தலைவரை மட்டும்தான்."

மேலாளர் இப்படி ஒரு வாய்ப்புக்குத்தான் காத்திருந்தார். "அப்படியானால் அந்தக் குடும்பத்தை விகடரே சபைக்கு அழைத்து வரட்டும், அரசே! ஓர் உறுப்பினர் விடுபட்டாலும் பதவியை விட்டுப் போகட்டும்."

அரசனுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "சரிதான். நாளைக் காலை பயிற்சி தொடங்கட்டும். பூவராகா, முதல் நாளின் செலவு முழுவதையும் நாளை மாலைச் சபையில் என் கண்முன் கொண்டுவந்து நிறுத்து. ஒன்று விடுபட்டாலும் உன் வேலை போய்விடும்."

பூவராகன் வீடு போய்ச் சேர்ந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை கழுத்துக்கு வந்துவிட்டது. விகடம் செய்வதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அதுவும் சரியாகத் தெரியுமா என்பது அவனுக்கே சந்தேகம். கணக்கோ சுத்தமாக வராது.

மனைவி செங்கமலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றாள். "நீங்க சிலம்பம் கத்துக்கிட்டீங்களே, ஞாபகம் இருக்கா? வாத்தியாருக்கு என்ன குடுத்தோம்?"

"வெத்தலை பாக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு தண்ணிப்பானை உடைஞ்சுது."

"ஓட்டுக்கூரை?"

"அதுவும் உடைஞ்சுது. அடுத்த வீட்டு ஆடு நொண்டிச்சு. என் மண்டையில நானே அடிச்சுக்கிட்டு ஒரு மாசம் படுத்துட்டேன். உன் வேலையெல்லாம் விட்டுட்டு நீதான் என்னைப் பாத்துக்கிட்டே."

"இப்பக் கம்பு சுத்தச் சொன்னா சுத்துவீங்களா?"

"எந்தக் கைய முன்னால வைக்கணும்னே மறந்துபோச்சு."

"வெத்தலை பாக்குச் செலவாம்!" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பூவராகன் தன் மண்டைத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அது உபயோகப்பட்டது.

மறுநாள் காலை பயிற்சி மணி அடித்தது. மணி கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்பது மேலாளரின் கண்டிப்பான உத்தரவு. அப்போது அரண்மனை நாவிதர் அரசனின் தாடையில் பாதி வழித்திருந்தார். "மன்னிக்கணும் மகராசா" என்று கத்தியை மடக்கிக்கொண்டு ஓடினார். சமையற்காரர்கள் ஓடினார்கள். யானைப்பாகன் ஓடினான். வாயிற்காவலர்கள் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினார்கள்.

பெரிய மண்டபத்தில் ஆசான் ஓர் ஆசனத்தில் அமர்ந்து, "முதலில் உதடு. பல் தெரியலாம், ஈறு தெரியக்கூடாது" என்று ஆரம்பித்தார். பூவராகன் அங்கே உட்காரவில்லை. சபைக்குக்கூடப் போகாமல், நாள் முழுவதும் அரண்மனையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

மாலையில் சபை கூடியது. அரசன் வந்து அமர்ந்தான். ஒரு பக்கத் தாடை பளபளவென்றும் மறுபக்கம் முள்ளுக்காடாகவும் இருந்தது. சிரிப்பை அடக்க எல்லோரும் மேற்கூரையைப் பார்த்தார்கள்.

"எங்கே பூவராகன்?"

"வழி விடுங்கள்! செலவு வருகிறது!" என்று வாசலில் குரல் கேட்டது.

முதலில் நான்கு பேர் ஓர் அண்டாவைத் தூக்கி வந்தார்கள். சபை முழுவதும் தீய்ந்த நாற்றம் பரவியது. பின்னால் ஒரு படைவீரன் தலை குனிந்து வந்தான்.

"அரசே, சமையற்காரர்கள் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் இவர்" என்றான் பூவராகன்.

"குதிரைக்குக் கொள்ளு வேகவச்சுத்தான் எனக்குப் பழக்கமுங்க" என்றான் வீரன்.

அடுத்து வாசலை அடைத்துக்கொண்டு பட்டத்து யானை வந்தது. வாயில் பாதி வாழைமரம் தொங்கியது.

"பாகன் புன்னகை பயின்ற நேரத்தில் இவர் தோட்டத்தைப் பயின்றார். தங்கள் வாழைத்தோப்பில் மிச்சம் இருப்பது இவர் வாயில் இருப்பதுதான்."

பிறகு வாயிற்காவலன் வந்தான். வந்தவன் தலையைச் சாய்த்து, ஈறு தெரியாமல் புன்னகை செய்தான். அரசனுக்கு ஒரு கணம் மகிழ்ச்சியாக இருந்தது.

"நல்ல மாணவன் அரசே. சற்று முன் வகுப்பு முடிந்து காவலுக்குப் போனதும் ஒருவன் பித்தளைக் குத்துவிளக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறான். இவர் கதவைத் திறந்துவிட்டு, 'தங்கள் வரவு எங்கள் பாக்கியம்' என்றிருக்கிறார்."

"போறவருக்கு என்ன சொல்லணும்னு இன்னும் பாடம் நடக்கலைங்க" என்றான் காவலன், புன்னகை மாறாமல்.

கடைசியாகத் தலைமைச் சமையற்காரர் தாண்டவன் வந்தார். அவர் கையில் எதுவும் இல்லை.

"இவர் என்ன செலவு?" என்றான் அரசன்.

தாண்டவன் தயங்கினார். "பக்கத்து நாட்டுலேருந்து ஒருத்தர் வந்து கேட்டாருங்க. சமையலோட இந்தப் பழக்கமும் வந்துட்டா ரெட்டைச் சம்பளம் தர்றோம், பயிற்சி முடிஞ்சதும் கிளம்பி வந்துடுன்னாரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க."

அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தாண்டவனின் புளிக்குழம்பு இல்லாத அரண்மனையை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திருமலைக்கொழுந்து குறுக்கே வந்தார். "அரசே, இவ்வளவுதானா என்று கேளுங்கள்."

"இன்னும் ஒன்று இருக்கிறது" என்றான் பூவராகன். "ஆனால் அதை என்னால் நிறுத்த முடியவில்லை."

"பார்த்தீர்களா! ஒன்று விடுபட்டது!" என்றார் மேலாளர்.

"அரசே, கொண்டுவந்து நிறுத்து என்பது தங்கள் ஆணை. அந்தச் செலவோ உட்கார்ந்திருக்கிறது. சிம்மாசனத்தில், பாதி முகம் வழித்து, காலையிலிருந்து சாப்பிடாமல். 'எழுந்து நில்லுங்கள்' என்று சொல்லும் துணிச்சல் இந்த அடிமைக்கு இல்லை."

அரசன் தன் தாடையைத் தடவினான். ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் குத்தியது. வயிறு ஒரு சத்தம் போட்டது. அது சபை முழுவதற்கும் கேட்டது. அரசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியென்றால் பயிற்சியே கூடாது என்கிறாயா?"

"ஐயோ, இல்லை அரசே. காவலரின் புன்னகையைப் பார்த்தீர்களே, எவ்வளவு அழகு! இரண்டிரண்டு பேராகப் பயிலட்டும். மற்றவர் வேலையைப் பார்க்கட்டும். கற்றவர் நம்மை விட்டுப் போகாதபடி சம்பளத்தையும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். பையைத் திறக்கும் முன் குடும்பத்தை ஒருமுறை எண்ணிவிட்டால் போதும்."

அரசன் தலையசைத்தான். ஆனால் திருமலைக்கொழுந்து விடுவதாக இல்லை. அவர் முகம் திடீரென்று மலர்ந்தது.

"அரசே! விகடர் தோற்றுவிட்டார்! இன்று முழுவதும் இவர் சபைக்கே வரவில்லை, ஒரு விகடமும் சொல்லவில்லை. தம் வேலை நின்றுபோன செலவை இவர் சேர்க்கவே இல்லை!"

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அரசனின் முகம்கூட மாறியது. இதைப் பூவராகன் உண்மையிலேயே மறந்துவிட்டிருந்தான். ஒரு கணம் மேலாளரைப் பார்த்தான், பிறகு சபையோரைப் பார்த்தான். பத்து வருடமாகத் தன் விகடங்களைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோன முகங்கள்.

கைகூப்பிச் சொன்னான்: "மேலாளர் சொல்வது உண்மை அரசே, நான் சேர்க்கவில்லை. தாங்கள் கேட்டது செலவை மட்டும்தானே? நான் விகடம் சொல்லாத நாள் இந்தச் சபைக்கு வரவு. வேண்டுமானால் இவர்களையே கேளுங்கள்."

முதலில் சேனாபதிதான் வெடித்துச் சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. வழித்த கன்னத்திலும் வழிக்காத கன்னத்திலும் கண்ணீர் ஓடியது.

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டான். ஆசானுக்கென்று எடுத்து வைத்திருந்த பையிலிருந்து ஒரு நாள் கூலியை மேலாளரின் மைத்துனருக்கு எண்ணிக் கொடுக்கச் சொல்லி, மீதியைத் தாண்டவனுக்கும் அவர் ஆட்களுக்கும் பங்கிட்டான். பிறகு விகடனின் தோளில் கை போட்டு, "வா, முதலில் சமையற்கட்டுக்குப் போவோம்" என்று எழுந்தான்.

அன்று அவர்களுக்குச் சோறு போட்டவன் சிரிக்கவே இல்லை. "இந்தாங்க" என்றுதான் நீட்டினான். அரசன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.