முள் குத்தாத மாதம்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில் ஒரு சிங்க ராஜா இருந்தது. கெட்ட ராஜா என்று சொல்லிவிட முடியாது, பிள்ளைகளே. பிரஜைகள் மேல் பாசம் உண்டு. பாறை உச்சியை விட்டு இறங்கத்தான் சோம்பல்.

அந்த உச்சியில் ஒரு சுனை. பஞ்சத்துக்கென்றே அதன் வாயைப் பெரிய கல்லால் அடைத்து வைத்திருந்தார்கள். ராஜா ஒரு வார்த்தை சொன்னால் காவல் யானைகள் கல்லைப் புரட்டிவிடும். தண்ணீர் காடு முழுக்க ஓடும். மேலே இருந்தவர்களுக்குக் கல்லிடுக்கில் கசிகிற நீரே போதுமாக இருந்தது.

மந்திரி ஒரு முள்ளம்பன்றி. முள்ளம்பன்றியாகப் பிறந்தாலும் கணக்கில் புலி.

குறை உள்ளவர்கள் பாறையடியில் வந்து கத்த வேண்டும். உச்சிக்குக் கேட்டால் அது முறையீடு; மந்திரி தன் முள் ஒன்றை எடுத்து மண்ணில் குத்தும். கேட்காவிட்டால் முறையீடே இல்லை. நல்ல மழைக்காலத்தில் யாரோ போட்ட சட்டம் அது.

ஓடை வற்றிய முதல் மாதம், ஒரு புள்ளிமான் தன் குட்டியோடு வந்து கத்தியது. "ராஜா, குட்டி தண்ணீர் இல்லாமல் துவள்கிறது. சுனையைத் திறந்துவிடுங்கள்."

இப்படியே பலரும் வந்து கத்தினார்கள்.

"நாற்பது முள், ராஜா" என்றது மந்திரி.

சிங்கத்துக்குக் கவலையாகிவிட்டது. "சுனையைத் திறந்துவிடலாமா?"

"அவசரப்படாதீர்கள் ராஜா. பஞ்சம் முற்றினால் முறையீடு கூடும். கூடினால் திறப்போம்."

சிங்கத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த மாதம் முள் இருபதாகக் குறைந்தது. அதற்கடுத்த மாதம் மூன்றே மூன்று.

"நிலைமை தேறி வருகிறது ராஜா. எல்லாம் உங்கள் ஆட்சியின் சிறப்பு."

"காலையிலிருந்து கீழே ஒரு மான் நின்றதே?"

"நின்றது ராஜா. வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. சும்மா நிற்பதற்கெல்லாம் முள் குத்த முடியுமா?"

நான்காம் மாதம் ஒரு முள்கூட இல்லை. சிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பஞ்சத்தை ஜெயித்துவிட்டோம். பிரஜைகளை நேரில் பார்த்து வாழ்த்திவிட்டு வருகிறேன்" என்று அந்த வருஷத்தில் முதல் தடவையாகக் கீழே இறங்கியது.

வரவேற்க யாருமில்லை. வழியெல்லாம் எலும்புகள் கிடந்தன. காய்ந்த ஓடைக்கரையில் அந்தப் புள்ளிமான் மட்டும் உட்கார்ந்து குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. குட்டியிடம் அசைவில்லை.

"ஏனம்மா, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டது சிங்கம்.

மானின் உதடு அசைந்தது. சிங்கம் குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான் கேட்டது.

"தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன் ராஜா. வற்றிய பிறகு எதைக்கொண்டு கத்துவேன்?"

சிங்கம் நின்ற இடத்திலிருந்தே உச்சியைப் பார்த்துக் கர்ஜித்தது. அதன் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. யானைகள் கல்லைப் புரட்டின. இவ்வளவு சுலபமான வேலையா என்று சிங்கம் அழுதது.

தண்ணீர் ஓடைக்கு வந்து சேர்ந்தது. மான் தன் குட்டியை மூக்கால் தண்ணீர்ப் பக்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தது. குட்டி குடிக்கவில்லை.

நீதி: முறையிடும் குரல் ஓய்ந்துவிட்டால் குறை தீர்ந்துவிட்டது என்று ஆள்பவர் எண்ணக் கூடாது, இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.