செங்காந்தள் இறந்த ஞாயிற்றுக்கிழமை

ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்து மூன்று. அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

மற்ற நாட்களில் திருச்சியில் ஒரு லேபில் செயற்கைப் பல் செய்வது அவர் வேலை. ஞாயிறு மதியம் நண்பர் பிரிட்டோவின் மாடி அறைக்கு வருவார். அங்கே நாலைந்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே விளையாட்டுதான்; அதைத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார். வாள், மந்திரம், பூதங்கள், பாதாள அறைகள்.

பழைய விளையாட்டு அது. அதைச் செய்த கம்பெனி புதுக் கதைகள் போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஆனால் விளையாடுகிறவர்களே சொந்தமாகச் சாகசங்களை உருவாக்க ஒரு வழியை விட்டுவைத்திருந்தது. எந்தெந்த ஊரிலோ இருக்கும் ரசிகர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கோட்டை கட்டினார்கள், குகை தோண்டினார்கள், இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். கணக்கில்லாமல் குவிந்து கிடந்தன. அதில் எது நல்லது, எது கடினமானது என்று ஜெசிந்தா சொன்னால் சரியாக இருக்கும்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் திருமேனி வந்தார். நாற்பத்தெட்டு வயதுக்காரர். பால்பண்ணைப் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார். வந்து உட்காரும் முன்பே கேட்டார்.

"டீச்சர், நிஜமாவே கஷ்டமான சாகசம் எங்க கிடைக்கும்?"

"இதுவரைக்கும் என்னென்ன விளையாடினீங்கண்ணே?"

"கஷ்டம்னு போட்டிருக்கிறதுல ஒண்ணையும் விடல. மகா கஷ்டம்னு ஒருத்தன் போட்டிருந்தான். ரெண்டே நாள். சப்புனு இருக்குன்னு அவனுக்கே எழுதிப் போட்டுட்டு வந்தேன்."

"விளையாட்டுல உங்க ஆளு எத்தனை தடவை செத்திருக்கான்?"

"வேங்கையனா?" திருமேனி சிரித்தார். "அவனுக்குச் சாவே கிடையாது டீச்சர்."

"கொஞ்சம் விளையாடிக் காட்டுங்க."

திருமேனி விளையாடினார். ஜெசிந்தா திரையைப் பார்க்கவில்லை, அவர் கைகளைப் பார்த்தார். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் இடது சுண்டுவிரல் ஒரு விசையைத் தட்டியது. பிறகு வேங்கையன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். ஒரு கதவுக்குப் பின்னால் இருந்த பூதம் அவனை இரண்டாகப் பிளந்தது. திருமேனியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு விசையைத் தட்டினார். வேங்கையன் கதவுக்கு வெளியே முழுசாக நின்றான். பூதம் எங்கே நிற்கும் என்பது இப்போது அவனுக்குத் தெரியும்.

"இப்ப செத்தானே?"

"அது கணக்குல வராது டீச்சர். சேவ் பண்ணி வெச்சிருக்கேன்ல, செத்தா அந்த இடத்துலேருந்தே திரும்ப ஆரம்பிச்சுக்கலாம். எல்லாரும் செய்யறதுதானே."

ஜெசிந்தா அவர் கைகளிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அடுத்த ஞாயிறு வாங்கண்ணே. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு போவோம்."

அடுத்த ஞாயிறு மாடிப்படியிலேயே பிரிட்டோ திருமேனியை நிறுத்தினார்.

"உங்களுக்கு யோகம்தான் சார். டீச்சர் இன்னைக்குச் செங்காந்தளைக் கூட்டிட்டுப் போறாங்க."

"யாரது?"

"அவங்களோட ஆளு. வைத்தியக்காரி. டீச்சர் உங்களை என்னை மாதிரி கிடையாது சார், சேவ் பண்ணி வெச்சுத் திரும்ப வரமாட்டாங்க. செத்தா செத்ததுதான். அப்படி எத்தனையோ பேரைத் தொலைச்சிருக்காங்க. இவ மட்டும் ஒன்பது வருஷமா நிக்கிறா. ஒரு கண்ணு போச்சு. ஒரு முற்றுகையில கால் ஒடிஞ்சு, இப்பவும் நொண்டித்தான் நடப்பா. நாங்க எல்லாரும் பின்னாடி நின்னு பார்த்திருக்கோம்."

திருமேனி தலையாட்டினார். அவருக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

ஜெசிந்தா எடுத்து வைத்திருந்த சாகசம் சின்னது. யாரோ ஒரு பெண்மணி உருவாக்கியது. மலை ஊரில் தண்ணீர் இல்லை. தண்ணீர் தேடிப் பழைய உப்புச் சுரங்கத்துக்குள் இறங்கிய கிணறு வெட்டுகிறவர் திரும்பி வரவில்லை. அவரை மீட்டுக்கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான் கதை.

"எளிதுன்னு போட்டிருக்கே டீச்சர்?" திருமேனியின் முகம் சுருங்கியது.

"ஆமா. ஆட்டம் என் மெஷின்ல ஓடுது. அதனால நடுவில சேவ் கிடையாதுண்ணே."

"சரி சரி, ஆரம்பிங்க."

வேங்கையனும் செங்காந்தளும் நூலேணியில் இறங்கினார்கள். அவன் முன்னால் ஓடினான். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் வந்தாள். சுரங்கம் வளைந்து வளைந்து போய் ஓர் இரும்புக் கதவில் முடிந்தது.

"இருங்கண்ணே. அந்தப் பக்கம் மூச்சுவிடற சத்தம் கேக்குது. என்னன்னு பார்த்துடறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வேங்கையன் கதவை உதைத்திருந்தான்.

உள்ளே மூன்று பூதங்கள். முதல் அடியிலேயே வேங்கையன் விழுந்தான். திருமேனியின் திரை ஓரமெல்லாம் சிவந்தது. அந்த விளையாட்டில் விழுந்தவன் உடனே சாவதில்லை. வைத்தியம் தெரிந்த ஒருவர் உடனே தொட்டால் எழுந்துவிடுவான்.

செங்காந்தள் கதவுக்கு வெளியே இருந்தாள். அவளை எந்தப் பூதமும் இன்னும் பார்க்கவில்லை. அவள் உள்ளே வந்தாள். பூதங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேங்கையனின் நெஞ்சில் கையை வைத்தாள்.

வேங்கையன் எழுந்தான். எழுந்த வேகத்தில் ஓடினான். வந்த வழியெல்லாம் ஓடி நூலேணியைப் பிடித்துப் பாதி ஏறிவிட்டான்.

"மூணு பேரு. இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ஒண்ணு. இடம் பிடிபட்டுச்சு," என்றார் திருமேனி.

கீழே ஒரு பெண்ணின் அலறல் கேட்டு நின்றது.

"சரி டீச்சர், பழைய இடத்தை லோட் பண்ணுங்க. இந்தத் தடவை முடிச்சிடலாம்."

பிரிட்டோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஜெசிந்தா தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்காந்தள் கவிழ்ந்து கிடந்தாள். விளக்கு சற்றுத் தள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா விளையாட்டைச் சின்னதாக்கி ஓரத்தில் தள்ளினார். செங்காந்தளின் பெயர் இருந்த கோப்பைத் தேடி எடுத்தார். அழித்தார். நிஜமாகவே அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார்.

திருமேனியின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஐயோ டீச்சர்! என்ன பண்றீங்க!"

"அவ செத்துட்டா அண்ணே."

"வேற எங்கயாவது வெச்சிருப்பீங்கல்ல? ஒரு காப்பி? பென்டிரைவ்ல?"

"இல்ல."

"பிரிட்டோ, நீங்க சொல்லுங்க. இருக்கும்ல?"

பிரிட்டோ தலையை அசைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

திருமேனி குனிந்து ஜெசிந்தாவின் திரையைப் பார்த்தார். அந்தப் பெயர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"ஒன்பது வருஷம் டீச்சர்."

"ஆமா."

"நீங்க ஓடியிருக்கலாமே. வெளியதானே நின்னீங்க?"

"நீங்க கீழ கிடந்தீங்க."

திருமேனி அந்தத் திரையைக் காட்டினார். "என்கூட வர்றதுக்குப் புதுசா யாரையாவது செஞ்சு கூட்டிட்டு வந்திருக்கலாம். எனக்குப் பாடம் சொல்றதுக்கு இவளையா கொண்டுவரணும்?"

"பாடம் சொல்லக் கூட்டிட்டு வரலண்ணே. சேர்ந்து போலாம்னுதான் வந்தேன்."

ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்க முடியாமல் அப்படியே கீழே வைத்தார். திருமேனி அதைப் பார்த்தார்.

"எனக்கு இந்த விளையாட்டே வேண்டாம்," என்றார் திருமேனி. வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். நாலு படி இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டு போனார். அந்தக் குரல் தெருமுனை திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு திரும்பி வந்து விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார்.

"கிணறு வெட்டறவர் இன்னும் உள்ளதான் இருக்காரா?"

"இருக்கார். ஆட்டம் ஓடிட்டுத்தான் இருக்கு."

வேங்கையன் இறங்கினான். இந்தத் தடவை அவன் ஓடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று காது கொடுத்துக் கேட்டான். கையில் விளக்கு இல்லை. சுவரைத் தடவித் தடவிப் போனான். ஒரு கல்லை எறிந்து ஒரு பூதத்தை மட்டும் வெளியே இழுத்து, குறுகலான இடத்தில் வைத்துக் கொன்றான். அடுத்ததற்காக வெகுநேரம் காத்திருந்தான். திருமேனியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிரிட்டோ டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஆடை கட்டியது.

மூன்றாவது பூதம் விழுந்தபோது வேங்கையனுக்கு உயிர் மயிரிழையில் இருந்தது. திருமேனி மேசையில் தலையைக் கவிழ்த்து மூச்சு வாங்கினார். ஜெயித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

அறையைக் கடக்கவேண்டும். கோப்பு அழிந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் செங்காந்தள் வழியிலேயே கிடந்தாள். வேங்கையன் அவளைச் சுற்றிக்கொண்டு போனான். பிறகு திரும்பி வந்து பக்கத்தில் நின்றான். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. மறுபடி நடந்தான்.

அறைக்குப் பின்னால் உப்புப் பாறை சரிந்து ஓர் இடைவெளியை மூடியிருந்தது. பாறையைப் புரட்டினான். உள்ளே கிணறு வெட்டுகிறவர் உயிரோடு இருந்தார். அவர் காலடியில் ஊற்று பொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டார். மரக் குவளையும் கையுமாக எழுந்து நின்றார். அவர் பேசுவது திரையில் எழுத்தாக வந்தது.

"வந்துவிட்டீர்களா ஐயா! நல்ல தண்ணீர். தாகத்தோடு இருப்பீர்கள். எத்தனை பேர் வந்தீர்கள்? எல்லோருக்கும் மொண்டு தருகிறேன்."

கீழே இரண்டு பதில்கள் தெரிந்தன. நான் ஒருவன். நாங்கள் இருவர்.

திருமேனியின் கை மௌஸின் மேல் அப்படியே நின்றது. முதல் பதிலுக்குப் போனது, திரும்பியது. இரண்டாவதற்குப் போனது. கிணறு வெட்டுகிறவர் குவளையை நீட்டிக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திருமேனி ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

"டீச்சர், எத்தனை பேர்னு சொல்லட்டும்?"

ஜெசிந்தா சொன்னார்:

"அவர் உங்களைத்தான் கேக்கறாருண்ணே."