மெய் மட்டும்

"எனக்கு உயிரே வருவதில்லை" என்றார் மாசிலாமணி.

தையல்நாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மலையேறி வந்ததில் நெற்றி வியர்த்திருந்தது. மற்றபடி ஆள் திடமாகத்தான் இருந்தார்.

"கீழே சேலத்துல நல்ல டாக்டருங்க இருக்காங்களே சார்."

"உயிரெழுத்தைச் சொல்கிறேன் அம்மா! ஏ, ஈ, ஐ, ஓ, யூ. பைக்குள் கையை விட்டால் வெறும் மெய்யெழுத்தாக வந்து விழுகிறது. அதை வைத்துக்கொண்டு நான் எந்தச் சொல்லைக் கட்டுவது?"

"உட்காருங்க" என்றார் தையல்நாயகி.

மாசிலாமணி ஆங்கிலப் பேராசிரியர். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பேராசிரியத்திலிருந்து இன்னும் பெறவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரைக்கூட நிற்கவைத்து, 'சிலிண்டர்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து எப்படி உருண்டு வந்தது என்று விளக்கிய பிறகுதான் கதவைச் சாத்துவார்.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை ஸ்கிராபிள். பையிலிருந்து எழுத்துகளை எடுத்து, கட்டம் போட்ட பலகையில் ஆங்கிலச் சொற்களாக அடுக்கும் ஆட்டம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு.

தையல்நாயகி அந்த ஆட்டத்தில் மாநிலத்தையே ஆண்டவர். ஒருநாள் போதும் என்று பலகையை விட்டு எழுந்து, ஏற்காட்டில் மிளகுக் கொடிகளோடு குடியேறிவிட்டார். வயதில் மாசிலாமணிக்கு மகளாக இருக்கலாம். ஆட்டக்காரர்கள் அந்த வீட்டை ஆசிரமம் என்பார்கள். ஆசிரமத்தில் பலகை கிடையாது. அகராதி கிடையாது. சமையலுக்குப் பேச்சியம்மாள் என்று ஒருவர் இருந்தார். பெயருக்கு ஏற்றவர்.

"யார்கிட்ட தோத்தீங்க?"

"ஜெபசிங். பல் டாக்டர். இரண்டு வருடமாக இறுதி ஆட்டத்தில் அவரிடம்தான் தோற்கிறேன். இந்த முறையும் அவர் ஜெயித்தால் சுழற்கோப்பை அதற்கு மேல் சுழலாது. அவருடைய கிளினிக்கில், பல்செட்டுகளுக்கு நடுவில் போய் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். நான் சொல்லிலேயே வாழ்ந்தவன் அம்மா. போயும் போயும் ஒரு பல் டாக்டரிடம்..."

நெற்றி வியர்வையை வழித்து உதறினார்.

"போன வருஷம் கடைசியில கையில என்ன இருந்துச்சு?"

"எஸ். ஹெச். இன்னொரு ஹெச்."

"ஷ்ஷ்" என்றார் தையல்நாயகி.

மாசிலாமணி சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"உங்களை அதட்டலை சார். அந்த மூணு எழுத்துக்குச் சொல் சொன்னேன். அகராதியில இருக்கு. ஏன் வைக்கலை?"

"இருக்கிறது. தெரியும். அகராதிக்காரர்கள் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிய நேரத்தில் உள்ளே புகுந்தவை அவை. ஷ், ஹ்ம், ப்ர், ப்ஸ்ட்! இதெல்லாம் சொல்லா? சத்தம். தோற்ற பிறகு மேடையிலேயே சொன்னேன்: மாசிலாமணி சொல் வைப்பான், சத்தம் வைக்க மாட்டான்."

"கை தட்டினாங்களா?"

"ஜெபசிங் தட்டினார்."

தையல்நாயகி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சரி, உயிரெழுத்தே இல்லாத நல்ல சொல்லா உங்களுக்கு என்னென்ன தெரியும்?"

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் பிறந்தே இருந்தார்.

"க்ரூத். ஸி, ஆர், டபிள்யூ, டி, ஹெச். வேல்ஸ் நாட்டுக்காரர்கள் வில் போட்டு வாசித்த பழைய நரம்புக் கருவி."

"ம்."

"கூம். ஸி, டபிள்யூ, எம். மலையின் விலாவில் பனிப்பாறை குடைந்துவிட்டுப் போன கிண்ணம் போன்ற பள்ளம்."

"ம்."

"ஸிஸிஜி. மூன்று ஒய் வரும். சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டில் வந்து நிற்பது. ட்ரிஸ்ட்: காதலர்கள் ஊருக்குத் தெரியாமல் சந்திக்கப் பேசிவைத்த இடம். இந்த ஒய் இருக்கிறதே, அது ஒரு விசித்திரப் பிறவி. ஒரு வீட்டில் மெய், அடுத்த வீட்டில் உயிர்..."

"ம்."

"என்ன அம்மா இது! நான் இத்தனை சொல்கிறேன், நீங்கள் ம், ம் என்று..."

"கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன் சார். அந்த மலைப் பள்ளம், அதைத் திரும்பச் சொல்லுங்க."

"கூம்."

"இழுத்துச் சொல்லுங்க."

"கூ... ஊ... ஊ..."

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். உதடு குவிந்தபடியே இருந்தது.

"எழுத்துல இல்லை. வாயில இருக்கு" என்றார் தையல்நாயகி. "நீங்க சொன்ன எல்லாத்துலயும் இருக்கு. உயிரை மடியில ஒளிச்சு வச்சுக்கிட்டு உயிரில்லைங்கறீங்க. வாயிலயும் உயிரில்லாத சொல் ஒண்ணு சொல்லுங்க."

மாசிலாமணி யோசித்தார். கண்ணை மூடி யோசித்தார். எழுந்து மிளகுக் கொடி வரை நடந்துவிட்டு வந்தார்.

"அப்படி ஒன்று இருக்க முடியாது. உயிரில்லாமல் ஒரு மனிதன் என்னத்தைச் சொல்வான்?"

"நாளைக்கு இங்கேயே இருங்க. நாள் முழுக்க மெய் மட்டும் பேசுங்க."

"நான் எப்போதும் மெய்தான் பேசுகிறேன்" என்றார் மாசிலாமணி, அடிபட்ட குரலில்.

"அந்த மெய் இல்லை சார்."

*

காலையில் போர்வையை விலக்கியதும் குளிர் பிடரியைப் பிடித்தது.

"ப்ர்ர்ர்" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

பேச்சியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தார். மாசிலாமணி அவசரப்பட்டு உறிஞ்சினார்.

"ஸ்ஸ்ஸ்!"

"சுட்டுருச்சா சார்?"

"ம்."

"ஆத்திக் கொண்டாரட்டா?"

"ம்."

பேப்பர் வந்தது. தலைப்பிலேயே எழுத்துப் பிழை. வேறொரு நாளாக இருந்தால் பேப்பர் போடும் பையன் முதல் பத்திரிகை ஆசிரியர் வரை யாரும் தப்பியிருக்க முடியாது.

"ப்ச்" என்று மடித்து வைத்தார். ஆச்சரியம், மனசு ஆறிவிட்டது.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. பேச்சியம்மாள் முறத்தில் பூண்டைக் கொட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். வாயும் உரிக்க ஆரம்பித்தது.

"என் தங்கச்சி மக கல்யாணம் சார். பத்திரிகை எப்படி வந்துச்சு தெரியுமா? தபால்ல! அடுத்த தெருவுல இருந்துக்கிட்டு, தபால்ல அனுப்புறா!"

தபால் என்ற சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று மாசிலாமணிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டார்.

"ம்ம்?"

"நான் போவலை. வீம்பு. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தேன். மேளச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"ப்ச்."

"ஆமா சார். அதான் சார். அந்தப் புள்ளையைத் தூக்கி வளத்தது நானு."

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூண்டுக்குக் கண் எரியாது என்பது மாசிலாமணிக்குத் தெரியும். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இது நல்ல சந்தர்ப்பம் என்பதும் தெரியும். விளக்க ஒரே ஒரு உயிரெழுத்தாவது வேண்டியிருந்தது.

"போயிருக்கணும், இல்லையா சார்?"

அவருக்குள் ஆறுதல் வாசகங்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றிலும் உயிர் இருந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினார். கடைசியில் தொண்டையில் ஒன்றுதான் மிஞ்சியது.

"ம்" என்றார், மெதுவாக.

பேச்சியம்மாள் உரித்த பூண்டை ஒதுக்கினார்.

"நாளைக்கே போயிப் பாத்துட்டு வாரேன். தாம்பூலத் தட்டோட போறேன். சார், ஒண்ணு சொல்லட்டா? உங்கள மாதிரிப் பேசத் தெரிஞ்ச மனுசரை நான் பாத்ததே இல்லை."

மாசிலாமணிக்கு வாழ்நாளில் எத்தனையோ பாராட்டுகள் கிடைத்திருக்கின்றன. எதற்கும் அவர் இப்படி விழித்ததில்லை.

சாயங்காலம் விடைபெற வந்து நின்றார்.

"என்ன சார், பேசினீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"ம்" என்றார்.

"ம்" என்றார் தையல்நாயகி. "பஸ் வந்துடும், கிளம்புங்க."

*

இறுதி ஆட்டம் சேலத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடை இருக்கும் இடத்தில் பலகை இருந்தது. பக்கத்து ஸ்டூலில் கோப்பை. ஜெபசிங் முன்கூட்டியே வந்து அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாரே! இன்னிக்கும் தோத்துட்டுப் பேச ஏதாவது எழுதிட்டு வந்திருக்கீங்களா?"

"ம்" என்றார் மாசிலாமணி.

ஜெபசிங்கின் கை துடைப்பதை நிறுத்தியது. ஒற்றை எழுத்தில் மாசிலாமணி பதில் சொல்லி அவர் கேட்டதில்லை.

ஆட்டம் தொடங்கியது. மாசிலாமணி 'க்ரூத்' வைத்தார். ஜெபசிங் அதற்கு மேலேயே ஏறி இருமடங்கு மதிப்பு எடுத்தார். ஒருவர் தலையை ஒருவர் மிதித்துக்கொண்டு போனார்கள். பலகை நிரம்பியது. பை காலியானது.

கடைசியில் மாசிலாமணி கையில் இரண்டே எழுத்து. எம். இன்னொரு எம்.

ஜெபசிங் கையில் ஒன்றே ஒன்று. பலகையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது க்யூ என்று இருவருக்கும் தெரிந்தது. மதிப்பில் ஜெபசிங் கொஞ்சம் முன்னே இருந்தார்.

பலகையின் இரண்டு மூலைகளில் இரண்டு ஐ. ஒவ்வொன்றின் இடப்பக்கமும் ஒரே ஒரு காலிக் கட்டம். க்யூவைக் கொண்டுபோய் ஐக்கு முன்னால் வைத்தால் 'சி' என்ற சொல். உடம்புக்குள் ஓடும் உயிராற்றலுக்குச் சீனர்கள் வைத்த பெயர். ஒரு மூலையை அடைத்தால் இன்னொரு மூலை இருந்தது. மற்ற உயிரெழுத்துகளெல்லாம் நெரிசலில் சிக்கி மூச்சு முட்டிக் கிடந்தன.

இந்த ஒரு முறையில் மாசிலாமணி கையைக் காலி செய்தால் ஆட்டம் அங்கேயே முடியும். ஜெபசிங் கையில் தேங்கிய க்யூவின் மதிப்பும் இவருக்கே வந்து சேரும். காலி செய்யாவிட்டால் அடுத்தது ஜெபசிங்கின் முறை.

"என்ன வாத்தியாரே" என்றார் ஜெபசிங், சாய்ந்து உட்கார்ந்து. "உயிர் இல்லையா?"

சிலர் சிரித்தார்கள்.

மாசிலாமணி பலகையைப் பார்த்தார். கீழ்வரிசையில், மேலிருந்து கீழாக இறங்கிய 'க்ரூத்'தின் வாலில், தனியாக ஒரு ஹெச் நின்றுகொண்டிருந்தது. அவரே வைத்த ஹெச். அதற்கு வலப்பக்கம் இரண்டு காலிக் கட்டங்கள்.

ஒரு முறம் பூண்டு நினைவுக்கு வந்தது.

ஒரு எம்மை வைத்தார். அதன் பக்கத்தில் இன்னொரு எம்மை வைத்தார். கையை விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை.

மண்டபம் எட்டிப் பார்த்தது.

ஜெபசிங் நிமிர்ந்தார். "இருங்க, இருங்க. இது என்ன? நீங்களா? போன வருஷம் இதே மேடையில நின்னு என்ன சொன்னீங்க? இதெல்லாம் சொல்லே இல்லை, சத்தம்னு சொல்லலை?"

ஜெபசிங் நடுவர் பக்கம் திரும்பினார்.

"நடுவர் அம்மா, அவரையே கேளுங்க. ஹெச், எம், எம். இதுக்கு என்ன அர்த்தம்னு அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்க!"

"அர்த்தம் கேக்க விதியில இடமில்லை டாக்டர்" என்றார் நடுவர். "சொல்லு செல்லாதுன்னு நினைச்சா ஆட்சேபம் சொல்லுங்க. அகராதியைப் பாத்துடலாம். யோசிச்சுச் சொல்லுங்க, ஆட்சேபிக்கிறீங்களா?"

ஜெபசிங் பலகையைப் பார்த்தார். கையிலிருந்த க்யூவைப் பார்த்தார். ஸ்டூலில் பளபளத்த கோப்பையைப் பார்த்தார். முகவாயைத் தடவிக்கொண்டார்.

"ஹ்ம்ம்..." என்றார்.

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அப்புறம் மண்டபம் வெடித்தது. பின்வரிசையில் நாற்காலிகள் சாய்ந்தன. விசில் பறந்தது. நடுவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஜெபசிங் என்ன சொன்னோம் என்று தேடி, கண்டுபிடித்து, கடைசியில் அவரே எல்லோரையும் விட உரக்கச் சிரித்து, கோப்பையைத் தூக்கி மாசிலாமணியின் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"எடுத்துட்டுப் போங்க சார். நல்லாத் துடைச்சுதான் வச்சிருக்கேன்."

யாரோ மைக்கை நீட்டினார்கள்.

மாசிலாமணி ஒரு கையில் கோப்பையும் ஒரு கையில் மைக்குமாக நின்றார். எத்தனை முகங்கள்! எல்லாம் அவரையே பார்த்தன. தொண்டையைக் கனைத்தார்.

"பெரியோர்களே, நண்பர்களே. நான் இப்போது வைத்த இந்தச் சொல்லின் வேர் என்ன என்று பார்த்தால், முதன்முதலாக இது..."

"ஷ்ஷ்!"

கடைசி வரிசையிலிருந்து வந்தது. அங்கே தையல்நாயகி உட்கார்ந்திருந்தார், உதட்டில் விரலோடு. பக்கத்தில் பட்டுச் சேலையில் பேச்சியம்மாள். அவர் பக்கத்தில் அவர் ஜாடையிலேயே இன்னொரு பெண்.

எஸ். ஹெச். இன்னொரு ஹெச்.

மாசிலாமணி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கினார்.