மடையைத் திறக்க யார் உத்தரவு?

கொறுக்கைக் குளத்து விலங்குகளுக்குச் சொந்தமாக முடிவெடுத்துப் பழக்கமே இல்லை. காட்டில் எல்லாம் எல்லோருக்கும் பொது. ஆனால் யார் எந்தப் புல்லை எப்போது மேய்வது என்பதைத் தொலைவில் இருந்த சிங்கத்தின் குகைதான் சொல்லும். குளத்து மடையைத் திறப்பதற்குக்கூட அங்கிருந்து உத்தரவு வர வேண்டும். வந்ததும் எருமை மடைக்கல்லைத் தள்ளும்.

ஒருநாள் நாரை பறந்து வந்தது. "சிங்கராஜா பழைய ஏற்பாட்டையெல்லாம் கலைத்துவிட்டார்! இனி உங்கள் குளம், உங்கள் ஆட்சி. தலைவரையும் நீங்களே தேர்ந்தெடுங்கள்!"

விலங்குகள் கூடிக் கூடிப் பேசின. கடைசியில், சிங்கத்தின் பழைய கங்காணியான உடும்பையே தேர்ந்தெடுத்தன.

"அவருக்குத்தானே அனுபவம் இருக்கிறது!" என்றது ஆமை.

ஐப்பசி மழை கொட்டியது. குளம் தளும்பியது. கரையடி வளையில் முயல் குட்டி போட்டிருந்தது. வளைக்குள் தண்ணீர் கசியவும் அது பதறிக்கொண்டு ஓடியது.

"தலைவரே, மடையைத் திறக்கச் சொல்லுங்கள்! என் குட்டிகள் மூழ்கிவிடும்!"

உடும்பு மரப்பொந்திலிருந்து தலையை நீட்டியது. "மேலிடத்து உத்தரவு இல்லாமல் எப்படி? நாரையை அனுப்பியிருக்கிறேன்."

நாரை சொட்டச் சொட்ட நனைந்து திரும்பியது. "'என்னை ஏன் கேட்கிறீர்கள்?' என்கிறார் ராஜா!"

உடும்பு கண்ணை மூடி யோசித்தது. "ராஜா கேள்வி கேட்டிருக்கிறார். முதலில் அதற்குப் பதில் அனுப்ப வேண்டும்!"

முயல் எருமையிடம் ஓடியது. "அண்ணே, கல்லைத் தள்ளுங்கள்!"

"உத்தரவு?"

"தண்ணீர் உங்கள் காலுக்கே வந்துவிட்டதே!"

"வந்தால் எனக்குச் சுகம்தானே!"

முயலுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கரைமேல் ஏறி நின்று கத்தியது. "மடை திறக்க வேண்டும் என்பவர்கள் எல்லோரும் இங்கே ஏறி வாருங்கள்!"

எலி வந்தது. ஆமை வந்தது. கீரிக் குடும்பமே வந்தது. "திற! திற!" என்று ஒரே கூச்சல்.

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "சிங்கம்கூட இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லையே!" என்று கல்லை ஒரே முட்டில் தள்ளியது.

தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. முயல் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே எடுத்தது. நனைந்த குட்டிகள் தும்மித் தும்மி அம்மாவை ஒட்டிக்கொண்டன.

உடும்பு அலறியது. "ஐயோ, மேலிடம் கோபிக்குமே!"

"கரைமேல் நிற்கிற நாங்கள்தான் இனி மேலிடம்!" என்றது முயல். "நீங்கள் கொஞ்சம் கீழே இறங்கி வாருங்கள்!"

அதிகாரம் தன் கைக்கு வந்த பிறகும் அடுத்தவர் உத்தரவுக்குக் காத்திருப்பவரை நம்பினால், வெள்ளம் காத்திருக்காது.