நெல்லையப்பனின் இடது கை

குறைந்த சக்தி வானொலிக்குப் பதில் வராததற்குக் காரணம் அதன் சக்திக் குறைவே என்று உலகம் நம்புகிறது. இந்தப் பிழையைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது நியாயமாகாது. ஒரு டார்ச் பல்பை எரிக்கும் அளவு சக்தி, புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலியாகக் கடலைத் தாண்டும்.

ஆனால் தூத்துக்குடி நெல்லையப்பனும் உலகத்தில் ஒருவர்தானே.

"ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க டாக்டர்!"

ஜெபசெல்வி இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. பல் மருத்துவர். நெல்லையப்பனுக்கு மகள் வயது. மோர்ஸில் அவருக்குக் குரு.

மேசைமேல் நெல்லையப்பன் கட்டிய பெட்டி இருந்தது. உலகப் போரில் உளவாளிகள் சூட்கேஸில் தூக்கித் திரிந்த வானொலி செட்டின் நகல். ஒரே வால்வு. திருகாணிகூடப் பழைய மாதிரிதான்.

"இன்னைக்கும் பதில் வரலேன்னா இது ஷோகேஸுக்குப் போயிரும். நூறு வாட் செட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"கூப்பிடுங்க, பாப்போம்."

நெல்லையப்பன் வானலையில் தன் பெயரான அழைப்புக்குறியைத் தட்டினார். மோர்ஸ் தட்டும் கீ படபடத்தது. விரலை அவர் அப்படிப் பழக்கியிருந்தார். காதைப் பழக்கத்தான் பொறுமை இல்லை.

இந்தத் துறையில் ஒரு மரியாதை உண்டு. அழைத்தவர் எந்த வேகத்தில் தட்டினாரோ, அதே வேகத்தில்தான் பதில் தட்டுவார்கள்.

தட்டி முடித்தார். உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரியல் கம்பியை முறைத்தார்.

ஹெட்போன் ஜெபசெல்வியின் காதில் இருந்தது.

"பதில் வருதே."

"அதுவா? அது தினமும் வரும். எவனோ எவனையோ கூப்பிடுறான்."

"உங்களத்தான் சார்."

"சும்மா இருங்க டாக்டர். அந்த வேகத்துல தட்டினா எந்த மனுஷனுக்குப் புரியும்?"

ஜெபசெல்வி ஹெட்போனைக் கழற்றினார். கீயைத் தூக்கி மேசையின் இடது ஓரத்தில் வைத்தார்.

"எனக்கு இடது கை வராதே!"

"தெரியும்."

"பல்லைப் பிடுங்குற மாதிரில்ல இருக்கு."

"வாயை மூடிட்டுத் தட்டுங்க."

தட்டினார். ஒவ்வோர் எழுத்தும் நொண்டியது. நெற்றி வேர்த்தது. முடிந்ததும் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார்.

பதில் வந்தது. அதுவும் நொண்டிக்கொண்டே வந்தது. முதலில் வந்தது அவருடைய அழைப்புக்குறி. நெல்லையப்பனின் பென்சில் நின்றது, பிறகு ஓடியது.

"கொழும்பிலிருந்து தட்டுகிறேன். தினமும் உங்களுக்குப் பதில் கொடுத்துப் பார்த்தேன். இன்று தட்டும் கை புதிதாக இருக்கிறதே. அவசரமாகத் தட்டுவாரே, அவர் எங்கே?"

நெல்லையப்பன் கீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் தட்டினார்.

"அவர் இனி வரமாட்டார்."

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து தபாலில் ஓர் அட்டை வந்தது. தொடர்பு கிடைத்ததை உறுதிசெய்யும் வழக்கமான அட்டைதான். ஓரத்தில் இரண்டு வரி இரங்கல் எழுதியிருந்தது.