பாதிப் பெயர்

மதுரையில் துப்புரவுப் பணியாளர்கள் மதியம் கூடிப் படிக்கிற முதியோர் வகுப்புக்கு ஒருநாள் அதிகாரி வந்தார். ஜீப்பை விட்டு இறங்கும்போதே முறைப்புதான்.

ஒரு புதுப் படிவத்தை மேசையில் போட்டார். "எல்லாரும் வரிசையா வாங்க. கையெழுத்துப் போட்டா படிச்சு முடிச்சாச்சு, இனிமே வகுப்பு எதுக்கு? கைநாட்டு வச்சா இத்தனை நாள் படிச்சது வீண். எப்படியும் நாளைக்குப் பூட்டுதான்."

கடைசி வரிசையில் பூவாயி அழுதேவிட்டாள். அவள் பக்கத்திலிருந்த அங்கயற்கண்ணி எழுந்து போய், மெதுவாக 'அங்கய' என்று எழுதினாள். அதை ஒட்டிக் கட்டைவிரல் ரேகையை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"வந்த வரைக்கும் எழுத்துங்கய்யா. வராத மிச்சத்துக்கு ரேகை. பாதிப் பேரோட நிக்கிறவளை என்ன செய்யணும்னு உங்க விதியில போட்டிருக்கு?"

அதிகாரி விதிமுறைத் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். பாதிப் பெயருக்கு விதியே இல்லை. "சரி சரி, பேர் முழுசா முடியற வரைக்கும் நடத்துங்க" என்று கிளம்பினார்.

ஜீப் போனதும் டீச்சர் கேட்டாள்: "முழுப் பேரையும் போன மாசமே எழுதிட்டீங்களேக்கா?"

"எழுதிட்டேன் டீச்சர். பூவாயிக்கு இன்னும் முதல் எழுத்தே வரலையே" என்றவள், பென்சிலைப் பூவாயியின் விரல்களுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.