காந்தத்தில் ஒட்டிய சில்லு

நடுக்கடலில் கியர் உடைந்தது. எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது, புரொப்பல்லர் சுற்றவில்லை. படகு பாறைத் திட்டை நோக்கி ஒதுங்கியது. அந்த வழியாக வந்த விசைப்படகு ஒன்று கயிறு வீசி இழுத்து வந்தது. ஆள் சேதம் இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மறுநாள் காலை. கரையில் ஏற்றி நிறுத்திய படகின் பின்னால் மாஸ்டர் கோமஸ் குந்தியிருந்தார். முகத்துக்கு நேரே, தண்ணீருக்குள் தொங்கவேண்டிய கியர்பெட்டி. பக்கத்தில் தொபியாஸ். சீடன் என்றால் சின்னப் பையன் இல்லை, மாஸ்டரைவிட மூத்தவன். கப்பல் வேலையை விட்டு இவரிடம் தொழில் கற்க வந்தவன். இந்தக் கியருக்குக் கடைசியாக சர்வீஸ் பார்த்தது அவன்தான்.

"ஒரு சத்தம் கிடையாது மாஸ்டர். நல்லாத்தான ஓடிச்சு. சொல்லாம கொள்ளாம எப்படி உடையும்?"

"சட்டியை வையும்."

வைத்தான். மாஸ்டர் பெட்டியின் அடித்திருகைக் கழற்றினார். பால் ஊற்றிய காப்பிபோல் ஆயில் இறங்கியது.

"தண்ணி ஏறியிருக்கு."

"கண்ணு தெரியுதே. சந்தோசம்."

திருகின் நுனியில் ஒரு காந்தம். உள்ளே தேய்கிற இரும்பெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும். மாஸ்டர் அதை நீட்டினார்.

"தடவும்."

"தூள்தான மாஸ்டர்? அது எப்பவும் இருக்கும்."

"தடவும்வே."

தடவினான். வெடுக்கென்று கையை இழுத்தான். விரலில் ரத்தம். கியர்ப் பல்லிலிருந்து உடைந்த, ஊசிபோல ஓர் இரும்புச் சில்லு.

"தூள் குத்துமா?"

"குத்தாது."

"போன சர்வீஸ்ல குத்திச்சா?"

தொபியாஸ் விரலிலிருந்து சில்லைப் பிடுங்கினான்.

"உம்மைத்தான் கேக்கேன்."

"குத்திச்சு."

"என்ன செஞ்சீரு?"

"துடைச்சிட்டு மாட்டினேன். திருகு சுத்தமா இருக்கணும்னு நீங்கதான சொல்லுவீங்க."

மாஸ்டர் கையிலிருந்த துணியை மண்ணில் எறிந்தார். திட்டுவார் என்று தொபியாஸ் காத்திருந்தான். அவர் திட்டவில்லை.

"வேற எந்தப் படகுல குத்திச்சு?"

தொபியாஸ் எழுந்து நின்றான்.

"விடிவெள்ளி."

"எங்க நிக்குது?"

"நிக்கலை. தீவுக் கோயில் திருவிழாவுக்குக் கூட்டத்தை ஏத்திட்டுப் போயிருக்கு." கடலைப் பார்த்தான். "என் பெஞ்சாதியும் அதுலதான் இருக்கா."

பக்கத்துக் கொட்டகைச் சுவரில் தொங்கிய வயர்லெஸ்ஸை எடுத்து மாஸ்டர் அவன் கையில் திணித்தார்.

"ரெக்ஸ்லின்! தொபியாஸ் பேசுதேன். எஞ்சினை நிறுத்து. நங்கூரத்தைப் போடு. வேற படகு அனுப்புதோம்."

படகோட்டி ரெக்ஸ்லினின் குரல் கரகரத்து வந்தது. பின்னால் ஒரே பாட்டும் கைதட்டலும்.

"என்ன அண்ணாச்சி விளையாடுதீங்க? வண்டி வெண்ணெயா ஓடுது. இந்தப் பாறைத் திட்டைத் தாண்டிட்டா தீவு. உங்களை விட்டுட்டு மைனி மட்டும் வந்துட்டாங்க, அந்தக் கோவமா?" சிரிப்பு. "நீங்க கை வச்ச வண்டி. இதுக்கு என்ன பயம்?"

தொபியாஸின் விரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தவில்லை. பொத்தானெல்லாம் ரத்தம்.

"நான் கை வச்ச வண்டிங்கான் மாஸ்டர். என்ன சொல்லட்டும்?"

"அதனாலதான் நிறுத்தச் சொல்லுதேன்னு சொல்லும்."